ஜி1 எடுத்த பிள்ளைக்கு அந்த எட்டு மாதங்கள் எதற்கு?

கனடாவின் ஸ்கார்பரோவில் பிள்ளைகளுக்குக் கார் ஓடப் பழக்குவது என் தொழில். ஃபோன் எடுக்கும் பெற்றோர் முதலில் கேட்பது, "ரோட் டெஸ்டுக்கு எப்ப விடலாம்?" என்பதுதான். வீட்டில் யார் பக்கத்தில் இருந்து பழக்குகிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் 1994 முதல் லைசன்ஸைப் படிப்படியாகத்தான் கொடுக்கிறார்கள். 16 வயதில் எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும் முடிந்தால் ஜி1 என்ற பழகுநர் லைசன்ஸ். அப்புறம் ரோட் டெஸ்டுக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும். அரசு அங்கீகரித்த வகுப்பை முடித்தால் 8 மாதம். அதுவரை முன் சீட்டில் குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள ஒருவர் இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓடக் கூடாது. 401, டிவிபி (டொன் வெலி பார்க்வே) போன்ற வேகமான ஹைவேக்களில் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே ஏறலாம். மது ஒரு துளியும் கூடாது.

இது பிள்ளையைக் கட்டிப்போடும் சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பிழை விட்டால் சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே அனுபவம் சேரட்டும் என்றுதான் இந்தக் காலத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பல வீடுகளில் ஜி1 பர்ஸுக்குள் சும்மா கிடக்கிறது. வகுப்பில் காருக்குள் கிடைப்பது பத்து மணி நேரம். அது போதவே போதாது.

லேன் மாற்றும்போது தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுப்போம். புதுப் பிள்ளையின் தலை திரும்பும், கண் எதையும் பார்க்காது. "பின்னால என்ன நிறக் கார் தம்பி?" என்று கேட்டால் முழிப்பான். அங்கே ஒரு சைக்கிள் வந்திருந்தால்? பச்சை விளக்கில் இடது பக்கம் திரும்பும்போதும் எதிரே வரும் காரிலேயே கண் இருக்கும். ரோட்டைக் கடக்கும் பாட்டியைக் காணமாட்டான். இதெல்லாம் ஓடி ஓடித்தான் சரிவரும்.

ரோட் டெஸ்ட் பாஸ் பண்ணி, அடுத்த படியான ஜி2 கிடைத்துத் தனியாக ஓடும் முதல் சில மாதங்கள்தான் மிக ஆபத்தானவை. கூட்டாளிகள் ஏற ஏற ஆபத்தும் ஏறும். அதனால்தான் 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும் தனியாக ஓடும்போது, முதல் ஆறு மாதம், நள்ளிரவு முதல் 5 மணி வரை 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களில் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது. சகோதரர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் மாலை ஆறு மணிக்கு பாஸ்கெட்போல் முடிந்து நாலு பேர் ஏறுவதைச் சட்டம் தடுக்காது. அதை நீங்கள்தான் தடுக்க வேண்டும். பகலோ இரவோ, ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டாளிக்கு மேல் வேண்டாம். ஃபோனைக் கையில் பிடித்ததாகத் தீர்ப்பானால், முதல் தடவையே 30 நாள் லைசன்ஸ் போய்விடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

ஸ்னோ காலத்தையும் கணக்குப் போடுங்கள். மார்ச் முடிவில் ஜி1 எடுத்தவர் நவம்பர் முடிவில் டெஸ்ட் பாஸ் பண்ணிவிடலாம். அப்படியென்றால் ஸ்னோவில் அவர் முதன்முதலில் ஓடுவதே தனியாகத்தான். முடிந்தால் டெஸ்டை ஜனவரிக்குத் தள்ளுங்கள். ஸ்னோ கொட்டிய மறுநாள் பக்கத்தில் இருந்துகொண்டு, வீட்டைச் சுற்றியுள்ள சின்னத் தெருக்களில் மெதுவாக பிரேக் பிடிக்கப் பழக்குங்கள்.