பெஞ்ச்மார்க்: உரைகல் இருக்கத் தரப்படுத்தல் எதற்கு?

"பழைய கணினியின் செயலியை மேம்படுத்திய பின் தரப்படுத்தல் நடத்தப்பட்டது. தரப்படுத்தலில் கணினி நல்ல முன்னேற்றம் காட்டியது." இந்த மாதிரி வாக்கியங்களைத் தமிழ்க் கணினிக் கட்டுரைகளில் படித்துப் படித்து அலுத்துவிட்டது. ஆங்கிலம் தெரிந்தவர் 'தரப்படுத்தல்' என்பதை மனத்துக்குள் பெஞ்ச்மார்க் என்று திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலம் தெரியாதவரோ, யாரோ கணினிகளை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பார். தமிழ்ப்படி பார்த்தால் அவர் நினைப்பதுதான் சரி. யாருக்காகக் கலைச்சொல் ஆக்கினோமோ அவருக்கே அது தவறான பொருளைத் தருமானால், அந்தச் சொல் இருந்து என்ன பயன்?

கணினித் துறையில் பெஞ்ச்மார்க் என்றால் என்ன? ஒரு குறிப்பிட்ட வேலையை, எல்லாக் கணினிக்கும் ஒரே மாதிரியாகக் கொடுத்து, எவ்வளவு நேரத்தில் முடிக்கிறது அல்லது ஒரு நொடிக்கு எத்தனை முறை செய்கிறது என்று அளந்து, அந்த எண்ணை ஏற்கெனவே தெரிந்த இன்னொரு எண்ணோடு ஒப்பிடுவது. கொடுக்கும் வேலை, கிடைக்கும் எண், ஒப்பிட ஒரு பழைய எண் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பெஞ்ச்மார்க். பழைய எண் இல்லாமல் '4,200 புள்ளி வந்தது' என்று சொன்னால் கேட்பவருக்கு அதனால் ஒன்றும் தெரியாது.

சொல்லின் பிறப்பு நில அளவையில். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய நில அளவையாளர்கள் கற்சுவரிலும் பாறையிலும் கிடைமட்டமாக ஒரு கோடு செதுக்கினார்கள். அந்தச் செதுக்கில் ஓர் இரும்புக் கோணத்தைச் செருகினால் அது ஒரு சிறு பலகை போல, அதாவது பெஞ்ச் போல, நீட்டிக்கொண்டிருக்கும். அளவுகோலை அதன் மேல் நிறுத்தி உயரம் பார்ப்பார்கள். அந்தப் பலகைக்கான குறி என்பதால் பெஞ்ச்மார்க். தமிழில் நில அளவைக்கு 'மட்டக்குறி' என்ற சொல் இருக்கிறது. அந்தத் துறைக்கு அது நல்ல சொல், அதைத் தொட வேண்டாம்.

இங்கேயே ஒரு போட்டிச் சொல்லை ஒதுக்கிவிடலாம். பெஞ்ச்மார்க்கை 'அளவுகோல்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன கதையில் அளவுகோல் தனிப் பொருள், குறி தனிப் பொருள். கோல் நடமாடும், குறி அசையாது. எது அசையாமல் இருக்கிறதோ அதற்கே பெஞ்ச்மார்க் என்று பெயர். அசையும் கோலின் பெயரை அசையாத குறிக்கு வைப்பது பிறப்பையே தலைகீழாக்குவது. அதோடு அளவுகோல் தமிழில் ஏற்கெனவே அடிக்கோலையும் குறிக்கிறது, 'எந்த அளவுகோலில் தேர்ந்தெடுத்தீர்கள்' என்னும்போது அடிப்படை விதியையும் குறிக்கிறது. மூன்றாவது சுமையை அதன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

இப்போது தரப்படுத்தலுக்கு வருவோம். என் சண்டை முழுக்க இந்தச் சொல்லோடுதான்.

'படுத்து' என்ற துணைவினை என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒழுங்குபடுத்து என்றால் ஒழுங்கில்லாததை ஒழுங்குக்குக் கொண்டுவா. தெளிவுபடுத்து என்றால் தெளிவில்லாததைத் தெளிவாக்கு. வகைப்படுத்து என்றால் கலந்து கிடப்பதை வகைவகையாகப் பிரி. படுத்து வருகிற இடத்தில் செயலுக்கு ஆளான பொருளின் நிலை மாறுகிறது, அல்லது அது ஓரிடத்தில் வைக்கப்படுகிறது. அப்படியானால் தரப்படுத்து என்பதற்கு இரண்டே பொருள்தான் இருக்க முடியும். ஒன்று, பலவற்றைத் தரவாரியாகப் பிரிப்பது. இன்னொன்று, பலவிதமாக இருப்பவற்றை ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது. பெஞ்ச்மார்க் இரண்டையும் செய்வதில்லை. சோதனைக்கு முன் இருந்த அதே செயலிதான் (பிராசஸர்தான்) சோதனைக்குப் பின்னும் இருக்கிறது. அதை யாரும் பிரிக்கவில்லை, எந்தத் தரத்துக்கும் கொண்டுவரவில்லை. எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அடுத்த குறை இதைவிடப் பெரியது. தமிழில் 'தரம்' என்ற ஒரே வேரின் மேல் எத்தனை ஆங்கிலச் சொற்களை அடுக்கிவிட்டோம்! ஸ்டாண்டர்டு தரநிலை, ஸ்டாண்டர்டைசேஷன் தரப்படுத்தல், கிரேடிங் தரப்படுத்தல், ரேங்கிங் தரவரிசை, ரேட்டிங் தரமதிப்பீடு, குவாலிட்டி தரம், அப்கிரேடு தரமுயர்த்தல். கடைசியில் பெஞ்ச்மார்க்கும் வந்து அதே திண்ணையில் உட்கார்ந்துகொண்டது. ஒரு கட்டுரையில் இவற்றில் நான்கு வந்தால் போதும், வாசகர் தொலைந்தார். 'தரநிலைக்கு ஏற்ற செயலியாகத் தரமுயர்த்திய பின் தரப்படுத்தல் செய்து தரவரிசையில் ஒப்பிட்டால்' என்று எழுதிவிட்டு, தமிழில் அறிவியல் எழுத முடியாது என்று மொழியின் மேல் பழி போடுகிறார்கள். மொழியில் குறையில்லை. சொல் தேடுகிறவர் முதலில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார், குறை அங்கே இருக்கிறது.

தரப்படுத்தலை ஆதரிப்பவர்கள் சொல்லும் ஒரு வாதம் உண்டு: சோதனையின் முடிவில் செயலிகளின் பட்டியல் மேலிருந்து கீழாக வருகிறதே, அது தரப்படுத்தல் தானே? பட்டியல் வருவது உண்மை. ஆனால் அது பெஞ்ச்மார்க்கை வைத்துச் செய்யும் அடுத்த வேலை. ஒரே ஒரு கணினியை வைத்திருப்பவர் செயலியை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே சோதனையை ஓட்டிப் பார்க்கிறாரே, அங்கே பட்டியல் எங்கே? வரிசை எங்கே? பழைய மேசைக் கணினிக்கு மறுவாழ்வு கொடுக்க நினைப்பவருக்குத் தேவை இந்த முன்-பின் ஒப்பீடுதான், ஊரிலுள்ள செயலிகளின் வரிசை அல்ல.

இனி என் சொல். அது புதிதாக நான் ஆக்கியது அல்ல, நம்மிடம் கிடந்தது: உரைகல்.

தங்கத்தைக் கறுப்புக் கல்லில் உரைத்தால் ஒரு கீற்று விழும். அதன் பக்கத்தில், மாற்று, அதாவது தூய்மை அளவு, தெரிந்த தங்கத்தின் கீற்றையும் இழுத்துப் பார்த்து இரண்டையும் ஒப்பிடுவார்கள். கல் எல்லாத் தங்கத்துக்கும் ஒன்றே. உரைப்பதால் தங்கம் வேறொன்றாகிவிடுவதில்லை. தெரிந்த கீற்று பக்கத்தில் இல்லாவிட்டால் தெரியாத கீற்றால் பயனில்லை. முன்னே சொன்ன மூன்றும் அப்படியே இருக்கின்றன: சோதனை நிரல்தான் கல், கிடைக்கும் எண் கீற்று, பழைய செயலியின் எண் தெரிந்த மாற்று.

வள்ளுவர் இதைக் கட்டளைக்கல் என்கிறார். தெரிந்துதெளிதல் அதிகாரத்தில், 505ஆம் குறள்: "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்." ஒருவரின் பெருமையையும் சிறுமையையும் அறிய அவரவர் செயலே உரைகல். செயலியை எடைபோடுவதற்கும் இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. பெட்டியில் எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருக்கிறது என்பது பிறப்புப் பெருமை. வேலையைக் கொடுத்தால் என்ன செய்கிறது என்பதே கருமம். கட்டளைக்கல் என்றே வைக்கலாமே என்றால், கணினியில் கட்டளை என்பது கமாண்டுக்கு நிலைத்துவிட்டது, குழப்பம் வரும். ஆகவே உரைகல்.

'உரை' என்பதும் கணினியில் உரைக்கோப்பு என்று வருகிறதே என்று கேட்கலாம். உரைகல் என்று சேர்த்துச் சொன்னால் யாருக்கும் பேச்சோ எழுத்தோ நினைவுக்கு வராது, கல்தான் வரும். வினையாகவும் இது வளைந்து கொடுக்கிறது: செயலியை உரைத்துப் பார்த்தேன், உரைகல் சோதனை ஓட்டினேன். புள்ளிக்கு மட்டும் 'மாற்று' என்ற பழஞ்சொல்லைக் கொண்டுவர வேண்டாம். இன்று அது மாற்றத்தையும் மாற்றுவழியையும் குறிக்கிறது. புள்ளி என்பதே போதும்.

ஆங்கிலத்திலும் இந்தத் துறைக்குக் கல்லின் மேல் ஓர் ஈர்ப்பு இருந்திருக்கிறது. 1972இல் பிரிட்டனில் எழுதப்பட்ட பழைய சோதனை நிரலின் பெயர் வெட்ஸ்டோன். சாணைக்கல் என்று பொருள்படும் அந்தப் பெயர், அல்கால் என்ற நிரல்மொழிக்கான கம்பைலர் (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) உருவான ஊரின் பெயரிலிருந்து வந்தது. அது மிதவைப் புள்ளிக் கணக்குகளை, அதாவது பின்னம் கலந்த எண்களின் கணக்குகளை, அளந்தது. முழு எண் வேலைகளை அளக்க 1984இல் ரைன்ஹோல்டு வைக்கர் இன்னொன்றை எழுதினார், வெட் (ஈரம்) என்ற ஒலிக்கு எதிராக டிரை (உலர்ந்தது) என்று சேர்த்து டிரைஸ்டோன் என்று பெயர் வைத்தார். வாக்ஸ் 11/780 என்ற கணினி டிரைஸ்டோனை நொடிக்கு 1757 முறை ஓட்டியது. பிற கணினிகளின் எண்ணை 1757ஆல் வகுத்துச் சொல்வது வழக்கமானது. தெரிந்த மாற்றின் கீற்று என்றால் இதுதான்.

கல்லும் கெட்டுப்போகும். டிரைஸ்டோன் மிகச் சிறிய நிரல், செயலிக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகமான கேஷுக்குள்ளேயே அடங்கிவிடும். முதன்மை நினைவகம் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அதில் தெரியாது. கணினி உற்பத்தியாளர்கள் சேர்ந்து 1988இல் தொடங்கிய ஸ்பெக் அமைப்பின் முதல் சோதனைத் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்ற நிரல் இருந்தது. கம்பைலர்கள் அந்த ஒரு நிரலை மட்டும் பல மடங்கு வேகமாக்கும் வழியைக் கண்டுபிடித்ததும் எண்கள் வீங்கின, 1992 தொகுப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இதைத் தமிழில் 'உரைகல் மழுங்கிவிட்டது, கல்லை மாற்றினார்கள்' என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தரப்படுத்தலை வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள். 'தரப்படுத்தல் தரமிழந்தது' என்று முடியும்.

சொல்லை நடைமுறையில் ஓட்டிப் பார்த்துவிடுவோம். எல்ஜிஏ 1155 என்ற சாக்கெட் (செயலியைப் பொருத்தும் இடம்) உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது இன்டெலின் கோர் ஐ3-2100: 2 கோர் (கணக்கிடும் அலகு), 4 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை), 3.1 கிகாஹெர்ட்ஸ், டர்போ (தேவைப்படும்போது தானாக வேகம் கூட்டும் வசதி) கிடையாது. அதே சாக்கெட்டில் கோர் ஐ7-3770ஐப் பொருத்த முடியும்: 4 கோர், 8 த்ரெட், 3.4 கிகாஹெர்ட்ஸ், டர்போவில் 3.9. மதர்போர்டு பழையதென்றால் முதலில் அதன் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அதைப் பழைய செயலி இருக்கும்போதே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புதியதைப் போட்டதும் திரையே வராமல் போகலாம்.

கழற்றுவதற்கு முன் பழைய செயலியை உரைத்து எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்தவருக்குத் தெரிந்த கீற்று கிடைக்காது. பின்பு செயலியை மட்டும் மாற்றுங்கள். அதே வேளையில் ரேமைக் கூட்டி, எஸ்எஸ்டியும் போட்டுவிட்டு 'செயலியால் கணினி பறக்கிறது' என்று எழுதினால் அது சோதனை ஆகாது. ஒவ்வொரு சோதனையையும் சில முறை ஓட்டி நடுவில் வரும் எண்ணை எடுங்கள். புதிய செயலி சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள், ஏனென்றால் ஐ3இன் 65 வாட்டுக்கு எதிராக இதன் வெப்ப அளவு 77 வாட்.

ஒற்றைக் கோர் உரைகல்லில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கூடுதலை எதிர்பார்க்கலாம். கடிகார வேகம் 3.1இலிருந்து 3.9 ஆனதும், அடுத்த தலைமுறை வடிவமைப்பின் சிறு முன்னேற்றமும் சேர்ந்து அவ்வளவுதான் தரும். எல்லாக் கோரையும் பயன்படுத்தும் சினிபெஞ்ச், 7-ஜிப் போன்ற நிரல்களின் சோதனைகளில் இரு மடங்கையும் தாண்டும். ஆனால் உங்கள் அன்றாட வேலை இரண்டில் எதைப் போன்றது? ஒரு வேலைக்கு 60 நொடி பிடிக்கிறது, அதில் 40 நொடி வன்தட்டுக்காகக் காத்திருப்பு, 20 நொடிதான் செயலியின் உழைப்பு என்று வையுங்கள். செயலி இரு மடங்கு வேகமானாலும் 60 என்பது 50 ஆகத்தான் குறையும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்தின் சாரமும் இதுவே: மாறாத பகுதி எவ்வளவோ, மொத்த நேரம் அதற்குக் கீழே இறங்காது. தத்தம் கருமமே என்பதில் 'தத்தம்' என்ற சொல்லுக்கு இங்கே முழு எடை உண்டு. வீடியோ தொகுப்பவர் தாம் தொகுக்கும் வீடியோவையே உரைகல்லாக வைக்கட்டும், கணக்கு எழுதுகிறவர் தம்முடைய பெரிய விரிதாளை வைக்கட்டும்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரைகல் பிடிக்கவில்லையென்றால் பெஞ்ச்மார்க் என்றே தமிழ் எழுத்தில் எழுதுங்கள், எனக்கு வருத்தமில்லை. தெரியாத சொல்லைக் கண்டால் வாசகர் நின்று கேட்பார். தெரிந்த சொல் தவறான பொருளில் வந்தால் கேட்காமலே கடந்துபோவார். தரப்படுத்தல் இந்த இரண்டாம் வகை.

இதே நோய் 'செயலி'க்கும் வந்துவிட்டது. பிராசஸருக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த செயலியைக் கைபேசி ஆப்புக்கும் கொடுத்துவிட்டார்கள். இன்று 'செயலியை மாற்றினால் வேகம் கூடுமா' என்று தலைப்பிட்டால், பாதிப் பேர் கைபேசியில் எதையோ நீக்கிவிட்டு வேறொன்றை நிறுவச் சொல்வதாக நினைக்கிறார்கள். ஆப்புக்குக் குறுஞ்செயலி என்றொரு சொல் இருக்கிறது. அதை எழுத மூன்றெழுத்து கூடுதலாகச் செலவாகிறது என்பதற்காக, கணினியின் மூளைக்கு இருந்த ஒரே பெயரைப் பறிக்கக் கூடாது. மேம்படுத்தலும் அப்படித்தான்: அப்டேட்டுக்கும் அதே சொல், அப்கிரேடுக்கும் அதே சொல். அப்டேட்டுக்குப் புதுப்பித்தல் என்று எழுதி, மேம்படுத்தலை அப்கிரேடுக்கு விட்டுவிட்டால் 'பயாஸைப் புதுப்பித்து, செயலியை மேம்படுத்தி, உரைத்துப் பார்த்தேன்' என்று யாருக்கும் விளங்கும்படி எழுதலாம்.