காய்ந்த பூக்கள் சொன்ன சாட்சியம்

‘பிரௌனியன் இயக்கத்தைக் கண்டறிந்தவர் தாவரவியலாளர் என்று பாடநூலில் இருக்கிறது, இயற்பியல் பாடத்தில் அவருக்கு என்ன வேலை?’ என்று பதினோராம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத, ஒழுங்கற்ற அசைவே பிரௌனியன் இயக்கம். ராபர்ட் பிரௌன் வெறும் தாவரவியலாளர் அல்லர், அருங்காட்சியகத் தாவரவியலாளர் என்பதே இதற்கான விடை என்று நான் கருதுகிறேன்.

பிரௌன் 1773-இல் ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோஸில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெறாமலே படைப்பிரிவு ஒன்றில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸின் பரிந்துரையால் 1801-இல் ‘இன்வெஸ்டிகேட்டர்’ கப்பலில் ஆஸ்திரேலியா சென்ற அவர், 1805-இல் ஆயிரக்கணக்கான தாவர மாதிரிகளுடன் லண்டன் திரும்பினார். பின்னர் பேங்க்ஸின் நூலகரானார். 1820-இல் பேங்க்ஸ் மறைந்தபின் அவருடைய தாவரத் தொகுப்பு பிரௌனின் பொறுப்பில் வந்தது. 1827-இல் அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டபோது அதன் காப்பாளராகவும் அவரே அமர்ந்தார். செல்லின் உட்கருவுக்கு ‘நியூக்ளியஸ்’ என்னும் பெயரை வழங்கியதும் இவரே.

அதே 1827-ஆம் ஆண்டு கோடையில், மகரந்தம் சூலை எவ்வாறு கருவுறச் செய்கிறது என்று அறிவதற்காக, கிளார்க்கியா புல்செல்லா என்னும் செடியின் மகரந்தத்தை நீரிலிட்டு ஒற்றை வில்லை நுண்ணோக்கியின் வழியே அவர் ஆராய்ந்தார். மகரந்தத்தூளே துள்ளியது என்று பல நூல்கள் எழுதுகின்றன, அது பிழை. ஏறத்தாழ 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அகலமுள்ள அந்தத் தூள் கண்ணுக்குத் தெரியும்படி அசைய முடியாத அளவுக்குப் பெரியது. அதற்குள் நிறைந்திருந்த, ஓர் அங்குலத்தில் 4,000 முதல் 5,000 பங்கில் ஒன்றேயான, அதாவது ஐந்தாறு மைக்ரான் நீளமுள்ள துகள்களே இடம்பெயர்ந்தும் புரண்டும் ஓயாமல் அசைந்தன. மாவுப்பொருளும் கொழுப்பும் அடங்கிய நுண்ணுறுப்புகள் அவை என்று இன்று நமக்குத் தெரியும்.

பூவின் ஆண் இனப்பெருக்கப் பொருளான மகரந்தத்தில் உயிர்த்துடிப்பைக் கண்டதாக அறிவித்துவிட்டு அத்துடன் நின்றிருந்தாலும் அக்காலத்தில் அவரை யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். பிரௌனோ, இந்த அசைவுக்கு உயிர் தேவைதானா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடத் தேவையான பொருள் அவர் கைக்கு எட்டும் தொலைவில், தாள்களில் ஒட்டப்பட்டுக் கிடந்தது. உலர்தாவரத் தொகுப்பில் 20 ஆண்டுகளுக்கு மேலாகவும், சில 100 ஆண்டுகளுக்குக் குறையாமலும் பாதுகாக்கப்பட்ட தாவரங்களிலிருந்து துகள்களை எடுத்து நீரிலிட்டார், அவையும் அசைந்தன. பிறகு கண்ணாடி, உலோகம், புகைக்கரி, பாறைகள், எகிப்தின் ஸ்பிங்க்ஸ் சிலையிலிருந்து பெயர்ந்த கல் துண்டு என ஒவ்வொன்றாகப் பொடித்துப் பார்த்தார். போதிய அளவு நுண்ணியதாக அரைபட்ட எல்லாமே ஆடின. ‘உயிராற்றல்’ என்ற பெயரில் இன்றும் எதையெதையோ விற்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இதே கேள்விதான்: உயிரற்ற பொருளிலும் இது நிகழ்கிறதா என்று சோதித்தீர்களா?

நீரோட்டமோ நீர் ஆவியாவதோ துகள்களை அலைக்கழித்திருக்கலாம் என்ற ஐயத்தை அவர் தீர்த்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. துகள் கலந்த நீரை வாதுமை எண்ணெயுடன் சேர்த்துக் குலுக்கினார். நீர் மிகச் சிறிய துளிகளாகச் சிதறியது. சில துளிகளுக்குள் ஒரே ஒரு துகள்தான் அகப்பட்டது. சுற்றிலும் எண்ணெய் சூழ்ந்திருந்ததால் நீர் எளிதில் ஆவியாக வழியில்லை. மோதித் தள்ள வேறு துகளும் இல்லை. அந்தத் தனித்துகளும் அடங்காமல் அசைந்துகொண்டேயிருந்தது.

நூறாண்டுப் பழமையான காய்ந்த பூ ஒன்று இப்படியொரு வினாவுக்கு விடையளிக்கும் என்று அதைத் தாளில் ஒட்டியவர் எண்ணியிருக்க முடியாது. 2024-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் கொண்ட தன் உலர்தாவரத் தொகுப்பை மூடப்போவதாக அறிவித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் பிரௌன்தான். உடனடிப் பயனைக் காட்டினால் மட்டுமே நிதி என்னும் கொள்கை இத்தகைய தொகுப்புகளையே முதலில் பலிகொள்கிறது; அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்.

அசைவின் காரணம் பிரௌனுக்குத் தெரியவில்லை. 1858-இல் அவர் மறைந்தபோதும் அது புதிராகவே இருந்தது. இன்று நாம் அறிந்த விளக்கம் இது: நீரின் மூலக்கூறுகள் எல்லாத் திசைகளிலிருந்தும் துகளை இடைவிடாது மோதுகின்றன. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழக்கூடும், பத்தாயிரம் முறை சுண்டினால் ஏழாயிரம் தலை விழாது அல்லவா? அதுபோலப் பெரிய பொருளின் மீது விழும் மோதல்கள் ஏறக்குறைய முற்றிலும் ஈடுகட்டப்பட்டுவிடுகின்றன. நுண்துகளின் மீதோ கணத்துக்குக் கணம் ஏதேனும் ஒரு பக்கம் சற்று மிஞ்சுகிறது, துகள் அதற்கேற்ப நகர்கிறது. 1905-இல் ஐன்ஸ்டைன் இதைக் கணக்காக்கி, நான்கு மடங்கு நேரம் காத்திருந்தால் துகள் சராசரியாக இரு மடங்கு தொலைவே விலகியிருக்கும் என்று காட்டினார். பிரான்ஸின் ழான் பெரின் அதை அளந்து உறுதிசெய்து, குறிப்பிட்ட அளவு பொருளில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையையே கணக்கிட்டார். 1926-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் நீரில் மிதக்கவிட்டவற்றுள் ஒன்று, நம் குடம்புளியின் பேரினத்தைச் சேர்ந்த மரத்திலிருந்து வடியும் மஞ்சள் பிசினின் துகள். அணு என்பது கணக்கு வசதிக்கான கற்பனை என்று நெடுநாள் வாதிட்டுவந்த வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், இந்தச் சான்றுகளின் முன் 1909-இல் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.