பீடத்தின் முன் கேட்கப்படும் சம்மதம்

களியக்காவிளையைக் கடந்து பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரை வரையிலான ஊர்களில் லத்தீன் கத்தோலிக்கர், சீரோ மலங்கரைக் கத்தோலிக்கர், தென்னிந்தியத் திருச்சபையினர், இரட்சணிய சேனையினர், பெந்தெகொஸ்தே சபையினர் எனப் பல மரபினர் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். பெண் ஒரு சபையையும் மாப்பிள்ளை வேறொரு சபையையும் சேர்ந்திருப்பது இங்கே வழக்கம்தான். இப்பகுதியில் குடும்ப வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞன் என்ற முறையில் நான் கவனித்த ஒன்று உண்டு. தங்கள் சபை திருமணத்தைப் பற்றி என்ன போதிக்கிறது என்பதைத் திருமணம் முறியும் தறுவாயில்தான் பலர் முதன்முறையாகக் கேட்டறிகிறார்கள்.

கத்தோலிக்கர் திருமணத்தை, இறையருளைத் தரும் புனிதச் சடங்குகளான ஏழு அருட்சாதனங்களில் ஒன்றாகக் கொள்கிறார்கள். சீர்திருத்தச் சபைகள் அவ்வாறு கொள்ளாவிட்டாலும், கடவுளைச் சாட்சியாக வைத்துச் செய்யும் உடன்படிக்கையாகவே அதைப் போதிக்கின்றன. லத்தீன் மரபில் மணமக்களே ஒருவருக்கொருவர் அருட்சாதனத்தை வழங்குகிறார்கள் என்பது போதனை. சீரோ மலங்கரை போன்ற கீழை மரபிலோ குருவின் ஆசீர் இன்றியமையாதது. இந்த வேறுபாடுகள் எப்படியிருப்பினும், மணமக்கள் இருவரின் மனமொப்பிய சம்மதம் இல்லாமல் திருமணம் இல்லை என்பதில் எல்லாச் சபைகளும் ஒன்றுபடுகின்றன. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது: திருமணத்தை உண்டாக்குவது அந்தச் சம்மதமே, அதை வேறெந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய முடியாது. வற்புறுத்தலாலோ கடும் அச்சத்தாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்றும் அதே சட்டம் கூறுகிறது.

இதற்காகத்தான் கோயிலில் ஓலை எனும் திருமண முன்னறிவிப்பு வாசிக்கப்படுகிறது. இதற்காகத்தான் பங்குத்தந்தை மணமக்களைத் தனித்தனியே விசாரிக்கிறார். ஆனால் நடைமுறையில், மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, நகை வாங்கி, பத்திரிகை அச்சடித்த பிறகு, வாசலுக்கு வெளியே அம்மா காத்திருக்க, உள்ளே ஒரு பெண் "சம்மதம்தானா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறாள். இரு வீட்டாரும் மாதக்கணக்கில் பேசியது பவுன் கணக்கை. மணக்கப் போகிறவர்கள் கடனைப் பற்றியோ, நோயைப் பற்றியோ, வளைகுடா வேலையால் நேரப்போகும் பிரிவைப் பற்றியோ ஒரு மணிநேரம்கூடப் பேசியிருப்பதில்லை. இந்தப் பேச்சுக்கு நாள் ஒதுக்காத குடும்பம், திருமண ஆயத்த வகுப்பின் சான்றிதழைப் பெறுவதில் மட்டும் மிகுந்த அக்கறை காட்டுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பவுன் கணக்குக்கு இந்த மண்ணில் ஒரு சட்ட வரலாறே இருக்கிறது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின் பொதுவிதிப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்பங்கு அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. ஸ்திரீதனம், அதாவது வரதட்சணை, கொடுத்திருந்தாலோ கொடுப்பதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை. அதை எதிர்த்து மேரி ராய் என்ற பெண்மணி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986இல் அளித்த தீர்ப்பு, 1951 முதலே இந்தச் சட்டம் இங்கே நடைமுறையில் இல்லை என்று உறுதிசெய்தது. மகளுக்குச் சமபங்கு வந்துவிட்டது, ஸ்திரீதனம் போகவில்லை. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அப்படியே வாங்கப்பட்டிருந்தாலும் அது மணமகளுக்கு உரியது. பிறர் கையில் இருந்தால் குறித்த காலத்துக்குள் அவளிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்.

"தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்காதிருக்கக்கடவன்" என்ற வசனத்தை அடிபடும் மனைவியிடம் மட்டுமே சொல்லி அனுப்பும் உறவினர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மத்தேயு 19ஆம் அதிகாரத்தில் அந்தச் சொற்கள், எந்தக் காரணத்துக்காகவும் மனைவியைத் தள்ளிவிடலாமா என்று கேட்ட ஆண்களுக்கு விடையாக வந்தவை. எபேசியருக்கு எழுதிய நிருபமும், கிறிஸ்து சபைக்காகத் தம்மையே ஒப்புக்கொடுத்ததுபோல் மனைவியை நேசிக்கும்படி கணவனுக்கே கட்டளையிடுகிறது. கத்தோலிக்கச் சட்டத்திலும், துணைவரால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ கடும் ஆபத்து நேர்ந்தால் பிரிந்து வாழ இடமுண்டு. திருமணப் பந்தம் நீடிக்கும், ஒரே கூரையின்கீழ் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு கேட்பதால் எவரும் விசுவாசத்தை மீறியவராகிவிட மாட்டார்.

மிகுந்த குழப்பம் விளைவது, கத்தோலிக்கரின் திருமண வழக்குகளை விசாரிக்கும் திருச்சபைத் தீர்ப்பாயத்தின் முடிவைக் குறித்தே. தீர்ப்பாயம் விவாகரத்து வழங்குவதில்லை. தொடக்கத்திலேயே செல்லுபடியான திருமணம் இருந்ததா என்பதை மட்டுமே ஆராய்கிறது. இல்லையென்று அறிவிக்கப்பட்டால், வேறு தடை இல்லாதபோது கோயிலில் மீண்டும் மணமுடிக்கலாம். நாட்டுச் சட்டத்தின் முன் அந்த அறிவிப்புக்கு மதிப்பில்லை என்று 1996இல் மோளி ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. தீர்ப்பாயத்தின் முடிவை மட்டும் நம்பிச் செய்த மறுமணம் அவ்வழக்கில் செல்லாததாயிற்று. இதன் மறுபக்கமும் உண்மையே: குடும்ப நீதிமன்றத்தின் விவாகரத்து ஆணை மட்டும் கையில் இருந்தால், கத்தோலிக்கக் கோயிலில் மறுமணம் நடத்தி வைக்கமாட்டார்கள். கிறிஸ்தவர்கள் பரஸ்பரச் சம்மத விவாகரத்துக்கு மனுச் செய்ய ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் ரத்து செய்ததால், நீதிமன்ற வழி இப்போது விரைவானதாகத் தோன்றலாம். ஆனால் தீர்ப்பாய விசாரணை அதனோடு முடிந்துவிடாது, தனியே நடக்கும். ஆகவே மறுமணப் பேச்சு எழுந்தவுடன் மண்டபத்தைப் பதிவு செய்வதற்கு முன், இரண்டு இடங்களிலும் தாள்கள் முழுமையாக வந்துவிட்டனவா என்று பங்குத்தந்தையிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.