ஐந்தாம் எண் எல்லா ரேசரிலும் ஐந்து அல்ல

கழுத்தில் பரு என்று வரும் ஆண்களிடம், எதைக் கொண்டு சவரம் செய்கிறீர்கள் என்று தோல் மருத்துவர்கள் கேட்பது வழக்கம். இப்போதெல்லாம் கேட்பதற்கு முன்பே சிலர் பையைத் திறந்து, துணியில் சுற்றிய பழைய ரேசர் ஒன்றை மேஜைமேல் வைத்துவிடுகிறார்கள். கழுத்து வளையத்தில் 1 முதல் 9 வரை எண் பொறித்த, கைக்குக் கனமான அமெரிக்க கில்லெட் ரேசர். "டாக்டர், இதை எந்த எண்ணில் வைக்கலாம்?" என்பது முதல் கேள்வி. பருவைப் பற்றிய பேச்சு அப்புறம்தான். பழைய ரேசர்கள்மீது எனக்கும் சபலம் உண்டு, என் அலமாரியிலும் சில இருக்கின்றன. எனவே கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அந்த எண்ணை மருந்துச் சீட்டில் எழுதும் மில்லிகிராமாக நினைத்துக்கொள்வதில்தான் தொல்லை தொடங்குகிறது. மில்லிகிராம் எந்த மருந்துக்கடையிலும் ஒரே அளவு. ரேசரின் எண்ணுக்கு அந்த ரேசருக்கு வெளியே பொருள் கிடையாது. இரட்டை முனை பிளேடு என்பது 0.1 மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள எஃகுத் தகடு. அதன் விளிம்புக்குக் கீழே ஒரு காப்புப் பட்டை ஓடுகிறது. தோலை முன்னதாக அழுத்தி நீவிக் கொடுப்பது அதன் வேலை. பட்டைக்கும் பிளேடு விளிம்புக்கும் நடுவே உள்ள சந்து அகலமானால், தோல் அந்தச் சந்துக்குள் புடைத்து நுழையும். பிளேடு ஆழமாகப் படும். வளையத்தைத் திருகும்போது மாறுவது இந்தச் சந்துதான். ஜெர்மன் நிறுவனமான மெர்க்கூரின் புரோக்ரஸ் ரேசரில் 1 முதல் 5 வரை எண்கள் உண்டு. அதே நிறுவனத்தின் ஃபியூச்சரில் 6 வரை, பழைய கில்லெட்டில் 9 வரை. ஒன்றின் 3 இன்னொன்றின் 3 ஆகாது. ஒரே மாடலின் இரண்டு பழைய ரேசர்களேகூட அறுபது ஆண்டுத் தேய்மானத்துக்குப் பின் ஒத்துப் போவதில்லை.

சந்தின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கும் யோசனை ஒன்றும் பிற்காலத்தது அல்ல. கிங் கேம்ப் கில்லெட் 1904ல் காப்புரிமை பெற்ற முதல் ரேசரிலேயே கைப்பிடியைச் சற்றுத் தளர்த்தினால் சவரம் நெருக்கமாகும் என்பது தெரிந்திருந்தது. எண் பொறித்த வளையம் பரவலாகக் கடைக்கு வந்தது 1958ல்தான். விலை 1.95 டாலர் என்பதால் அந்த ரேசருக்கு '195' என்று பெயர். குட்டையான தடித்த கைப்பிடியைப் பார்த்துச் சேகரிப்பாளர்கள் பின்னாளில் வைத்த பெயர் 'ஃபேட்பாய்'. 1961ல் அதன் இடத்தை மெலிந்த 'ஸ்லிம்' பிடித்தது. 1960களின் இறுதியில், வளையத்துக்குப் பதில் நெம்புகோல் வைத்து, கருப்புக் கைப்பிடியோடு 'சூப்பர் அட்ஜஸ்டபிள்' வந்தது. 1971ல் இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் வந்ததும் இந்தக் குடும்பத்தின் நல்ல காலம் முடிந்துவிட்டது.

ஃபேட்பாய்க்குத்தான் சந்தையில் விலை. மூன்றே ஆண்டுகள்தான் அது தயாரானது. பெயரும் மனதில் ஒட்டிக்கொள்கிறது. என் கணக்கில் அந்த விலை பெயருக்குத்தான். முகத்துக்கு வேண்டுமென்றால் ஸ்லிம் வாங்குங்கள். தலைப்பாகத்தின் வேலை ஏறக்குறைய ஒன்றே, கைப்பிடி மெலிந்திருப்பதால் மூக்குக்குக் கீழே கோணம் பிடிப்பது எளிது, விலையும் குறைவு. சூப்பர் இன்னும் மலிவு, எடையும் குறைவு. எடை குறைந்த ரேசரைப் பிடித்தால் நம்மை அறியாமல் அழுத்துவோம் என்பதால் புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. ஸோலிங்கனில் தயாராகும் புரோக்ரஸ் வேறு ஜாதி. கில்லெட்டில் அடிக்குமிழைத் திருகினால் இரு கதவுகள் திறந்துகொள்ளும். புரோக்ரஸில் மூடியைத் தனியாகக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதிலுள்ள குறியை நேர்ப்படுத்தாவிட்டால் எண்ணுக்கும் சந்துக்கும் தொடர்பே இருக்காது. ஃபியூச்சரின் மூடி அழுத்தி மாட்டும் வகை. சோப்புக் கையோடு அதைக் கழற்றாதீர்கள். வெட்டுவது முகத்தை அல்ல, விரல் நுனியை.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க வங்கி ஊழியர் ஒருவர் வந்தார். இணையத்தில் வாங்கிய ஸ்லிம், எண் 7. கழுத்தின் இடப்பக்கம் மட்டும் கொப்புளம், வலப்பக்கம் சுத்தம். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப்பை வைத்துப் பார்த்தபோது, முடிகள் தோலுக்கு வெளியே வந்து, சுருண்டு, மறுபடியும் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டிருந்தன. சுருள் தாடிக்காரர்களுக்கு இது வழக்கமானதுதான். ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஏன்? அதே டெர்மாஸ்கோப்பை, பிளேடு மாட்டிய ரேசர்மீது வைத்தேன். ஒரு விளிம்பில் சந்து சீராக இருந்தது. மறு விளிம்பில் ஒரு கோடியில் மயிரிழை, மறு கோடியில் அதைப் போல் இரு மடங்கு. எப்போதோ யாரோ தரையில் போட்டதில் காப்புப் பட்டை வளைந்திருக்கிறது. எண் தன்னை நோக்கி இருக்கும்படி பிடித்து இடது கழுத்தில் தொடங்குவது இவர் பழக்கம். ஆகவே அந்தக் கோணல் விளிம்பு தினமும் அதே இடத்துக்குத்தான் போயிருக்கிறது. விற்பனைப் படத்தில் ரேசர் பளபளவென்று இருந்ததாம். இருந்திருக்கும். பட்டை வளைந்திருப்பது முன்பக்கப் படத்தில் தெரியாது.

அதனால் வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்க வேண்டியது இரண்டே படங்கள்: பிளேடு மாட்டி, தலைப்பாகத்தை நேர் பக்கவாட்டில் வைத்து, எண் 1ல் ஒன்று, 9ல் ஒன்று. இரு பக்கமும் சந்து சமமாக இருக்கிறதா, கதவுகள் படிந்து மூடுகின்றனவா என்பது அவற்றிலேயே தெரிந்துவிடும். தர மறுத்தால் அந்த ரேசரை விட்டுவிடலாம். கைக்கு வந்தபின் எண்ணை மாற்றும்போதெல்லாம் அடிக்குமிழைச் சற்றுத் தளர்த்திவிட்டு மாற்றுங்கள். இறுகிய நிலையில் வளையத்தைத் திருகித் திருகியே பல நல்ல ரேசர்கள் பாழாகின்றன.

சேகரிப்பாளர் பார்ப்பது வேறு. கில்லெட் 1950களிலும் 60களிலும் தலைப்பாகத்தின் அடியில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்தது. எழுத்து ஆண்டு, எண் காலாண்டு. டி (D) என்றால் 1958, இ (E) என்றால் 1959. அப்படியே வரிசையாகப் போனால் ஐ (I) 1963, என் (N) 1968. 'இ-1' என்ற ரேசர் 1959 ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் பிறந்தது. பிறந்த ஆண்டுக்கு ரேசர் தேடுபவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். எழுத்து மழுங்கி ரேசர் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், அது சாணை பிடித்து மறுமுலாம் பூசியது. காட்சிக்கு வைப்பவருக்கு அதன் மதிப்பு குறைவு.

முலாம் என்றதும் நிக்கல். அடியில் பித்தளை, மேலே நிக்கல் என்பதே இந்த ரேசர்களில் பெரும்பாலானவற்றின் அமைப்பு. நிக்கல் ஒவ்வாமை அரிய நோயல்ல. கவரிங் நகையாலும் பெல்ட் பக்கிளாலும் அரிப்பு வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறோம். சவரத்தில் உலோகம் தோலில் படும் நேரம் குறைவு என்பதால் பலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் தேய்ந்த முலாம், ஈரம், சோப்பு, வெட்டுப்பட்ட தோல் எல்லாம் சேர்ந்தால் நிலைமை வேறு. சந்தேகம் வந்தால் டைமெத்தில் கிளையாக்சைம் சொட்டிய பஞ்சுக் குச்சியால் கைப்பிடியைத் தேய்த்துப் பார்ப்பேன். பஞ்சு இளஞ்சிவப்பானால் நிக்கல் கசிகிறது என்று பொருள். ரோடியம் பூசிவிட்டேன், இனிக் கவலையில்லை என்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: ரோடியத்துக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பது சகஜம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். தினமும் மழிப்பவர் தன் ரேசரின் ஆகக் குறைந்த எண்ணில் தொடங்கட்டும். அழுத்தாமல், முடி வளரும் திசையில். முடி சிக்கி இழுத்தால் மட்டும் ஒரு படி ஏற்றலாம். நான்கைந்து நாள் தாடிக்கு உயர்ந்த எண் தேவைதான், இல்லாவிட்டால் சந்து அடைத்துக்கொள்ளும். முதல் சுற்றை உயர்ந்த எண்ணில் முடித்து, இரண்டாம் சுற்றுக்கு இறக்கிவிடுவதுதான் இந்த வளையத்தின் உண்மையான பயன். 9ல் வைத்து எதிர்த்திசையில் மழித்தால் கன்னம் கண்ணாடியாகும் என்று பெருமைப்படுபவர்களைத்தான் அடுத்த மாதம் கழுத்துக் கருமையோடு பார்க்கிறேன். நம் நிறத்துத் தோலில் பரு ஆறினாலும் அதன் கறுப்புத் தடம் பல மாதங்கள் நிற்கும்.

ஒரு பிளேடு ரேசருக்கு மாறியதால் கழுத்துப் பரு குறைந்தவர்களும் உண்டு. பல பிளேடு கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது வெட்ட, மீதி முடி தோலுக்கு அடியில் பின்வாங்கி உள்ளேயே வளர வாய்ப்பு கூடுகிறது. அந்த அளவில் தாத்தா காலத்து ரேசர் நல்லதுதான். ஆனால் தழும்பு தடித்து வளரும் உடம்புக்காரர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இதை அலமாரியில் வைத்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகத்தில் தட்டையான சிறு மருக்கள் இருந்தால் எந்த ரேசரும் வேண்டாம். மழிக்க மழிக்க அவை கோடு போட்டாற்போல் பரவும்.

இன்னொருவர் கையாண்ட ரேசர் என்பதையும் மறக்கக் கூடாது. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிரோடிருக்கும். பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்ததைவிட, நண்பர் நேற்றுவரை பயன்படுத்திவிட்டுத் தந்ததுதான் எனக்குக் கவலை. பழைய பிளேடை எறிந்துவிட்டு, கதவுகளைத் திறந்து, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான பல்துலக்கியும் கொண்டு அழுக்கை முழுதாக எடுங்கள். அழுக்கு இருக்கும்வரை கிருமிநாசினி உள்ளே இறங்காது. பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பிளீச்சிங் கரைசலும் வினிகரும் முலாமை அரிக்கும். எலுமிச்சையும் புளியும் குத்துவிளக்கோடு நிற்கட்டும்.

பழைய ரேசரோடு அதே பெட்டியில் சவரத் தூரிகையும் வந்தால், அதை முகத்தில் வைக்க வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ், அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் குதிரைமுடித் தூரிகை வழியாக ஆந்த்ராக்ஸ் வந்தது. சரியாகக் கிருமி நீக்காத முடியில் செய்த தூரிகைகள் அவை. பெட்டியில் இருப்பது எந்த ஆண்டுத் தூரிகை, எந்த விலங்கின் முடி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. புதுத் தூரிகை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.