பரீட்சை மாதத்தில் அலாரம் வெட்டும் தூக்கம்

பாம்பன் பக்கமிருந்து ராமநாதபுரத்துக் கல்லூரிக்கு வரும் மாணவர் காலை பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கே எழ வேண்டும். படுப்பதோ ஒரு மணிக்கு. கிடைப்பது நாலரை மணி நேரம்; அந்த வயதுக்குத் தேவை 7 முதல் 9 மணி நேரம்.

தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக வருகிறது. ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம், கனவுத் தூக்கம் விடியலை ஒட்டி அதிகம். அலாரம் வெட்டுவது பெரும்பாலும் பின்னதை. படித்ததை மூளை பதியவைப்பது இரண்டிலும்தான் நடக்கிறது. அதனால்தான் விடிய விடியப் படித்தவருக்கு விடை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பது ஞாபகம் வரும், விடை வராது. தெரிந்த கணக்கிலேயே கூட்டல் குறி கழித்தலாகிவிடும்.

"எனக்குப் பழகிருச்சு" என்பார்கள். பழகுவதில்லை. 2003-இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே தூங்கியவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்கள் அளவுக்குச் சரிந்தது. அவர்களுக்கோ பெரிதாகத் தூக்கக் கலக்கம் இருப்பதாகவே தோன்றவில்லை.

விடிகாலையில் கரை சேரும் நாட்டுப்படகில் மீன் பிரிக்கப் போகும் பிள்ளைகளிடம் 'ஒரே மூச்சாக எட்டு மணி நேரம் தூங்கு' என்பது வெற்று உபதேசம். அவர்கள் ஒன்பதரைக்கே படுத்து மூன்றரைக்கு எழலாம். மிச்சத்தை மதியம் மூன்று மணிக்குள் முடியும் குட்டித் தூக்கத்தில் ஈடுகட்டலாம்: 20 நிமிடம், நேரமிருந்தால் 90. இந்த இரண்டுக்கும் நடுவில் எழுந்தால் ஆழ்ந்த தூக்கம் கலைந்து, தலை கனத்து, அரை மணி நேரம் எதுவும் ஓடாது.

இரவு ஒன்பது மணி டீயை விடுங்கள். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கடைசி டீ நான்கு மணிக்கு.

நம் கரையோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் குளிராது. குளிராமல் தூக்கம் பிடிக்காது. மொட்டை மாடித் தளம் பகல் சூட்டை இரவு வெகுநேரம் கக்கும். பொழுது சாயும்போது இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள், உப்புத் தண்ணீரே போதும். கொசுவலை கட்டாயம்.

ஒவ்வாமைக்குத் தரும் அவில் மாத்திரையைத் தூக்கத்துக்காகப் போடும் பழக்கம் ஹாஸ்டல்களில் உண்டு. அதன் மயக்கம் மறுநாள் தேர்வு அறை வரை வரும்.

வாரத்தில் மூன்று இரவாவது தூக்கம் வராமல் மூன்று மாதம் நீடித்தாலும், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். நாள்கணக்கில் தூங்காமலே துள்ளலோடு, ஓயாமல் பேசிக்கொண்டு ஒரு பிள்ளை திரிந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.