சராசரியை நம்பிப் பம்பை எரிக்காதீர்கள்

இந்தச் சிறுபோகத்தில் நான் பழுதுபார்க்கப் போன மூன்றாவது எரிந்த பம்ப் இது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரமாக ஒரு பப்பாசித் தோட்டம். மூன்று கிணறுகள், மூன்று பம்புகள். மூன்றும் ஒரே பெரிய குழாய்க்குள் தண்ணீர் தள்ளுகின்றன. ஒவ்வொரு பம்பின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் மற்ற இரண்டின் வேகத்தைக் கைத்தொலைபேசி வலையமைப்பு வழியாகக் கேட்டு, தன் வேகத்தை அவற்றோடு ஒத்துப்போக வைக்க வேண்டும்.

நான் போனபோது நடுக்கிணற்றுப் பம்ப் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் உடலில் கை வைக்க முடியவில்லை. மேலே அப்பியிருந்த ஈரமண் காய்ந்து ஓடாகப் பெயர்ந்து விழுந்தது. மற்ற இரண்டும் வேகமெடுத்ததில் குழாயின் அமுக்கம் ஏறி, இதன் ஒருவழி வால்வை மூடிவிட்டது. உள்ளே அடைபட்ட அதே தண்ணீர் சுழன்று சுழன்று கொதித்து, தண்ணீர் கசியாமல் தடுக்கும் சீல் கருகிப்போயிருந்தது.

"மற்றப் பம்புகளின் வேகத்தைச் சொல்லும் செய்தி சராசரியாகப் பத்து வினாடிக்கு ஒன்று வருகிறது ஐயா, அது போதும்தானே?" என்று கேட்டார் பெட்டி பொருத்திய தம்பி.

போதாது தம்பி. மூன்று இடத்திலும் இதே பதிலைக் கேட்டுவிட்டேன். பெட்டியின் பதிவைத் திறந்து காட்டினேன். மாலை நேரத்தில் ஒரு நிமிடம்: முதல் ஐந்து வினாடிக்குள் ஐந்து செய்திகள் குவிந்து வந்திருந்தன, ஆறாவது செய்தி அந்த நிமிடத்தின் கடைசியில்தான் வந்தது. ஆறு செய்தி, அறுபது வினாடி. சராசரி பத்துத்தான். நடுவில் ஐம்பது வினாடிக்கு மேல் பெட்டி பழைய செய்தியையே உண்மையென்று நம்பி வேகத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. காலையில் மூன்று பஸ் சேர்ந்து வந்துவிட்டு மாலைவரை ஒன்றும் வராத வீதியில் நிற்பவருக்குச் சராசரி என்ன உதவி செய்யும்? செய்திகள் ஒழுங்கான இடைவெளியில் வரவேண்டியதில்லை. மிக நீண்ட இடைவெளி ஓர் எல்லைக்குள் நின்றால் ஒத்திசைவு நிலைக்கும். அந்த ஒன்றைத்தான் யாரும் அளப்பதில்லை.

அடுத்த தவறு இன்னும் மோசமானது. பம்புகள் ஒத்துப்போகவில்லையென்று கண்டதும் பெட்டி பொருத்துபவர்கள் வேகத் திருத்தத்தின் வலிமையைக் கூட்டுகிறார்கள். மின்னல் வெளிச்சத்தில் வரப்பில் நடப்பவர் மின்னல் அரிதாகும்போது எட்டி வைப்பாரா, அடிமேல் அடி வைப்பாரா? செய்தி அரிதானால் திருத்தமும் சிறிதாக வேண்டும். பம்பின் வேகத்தை இரட்டித்தால் அமுக்கம் நான்கு மடங்காகும் என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 25 ஹேர்ட்ஸில், அதாவது பாதி வேகத்தில், சோதித்துச் சரியென்று கண்ட அமைப்பு 50 ஹேர்ட்ஸ் முழு வேகத்தில் ஆடத் தொடங்குவது அதனால்தான்.

ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பிய நேரத்தைப் பதியுங்கள். பிந்தி வந்த பழைய செய்தியைத் தள்ளிவிடுங்கள். பெட்டிகளின் கடிகாரங்களை நாள்தோறும் சரிசெய்யுங்கள்: மில்லியனில் இருபது பங்கு பிழையுள்ள குவார்ட்ஸ் கடிகாரம்கூட ஒரு நாளில் ஏறக்குறைய 1.7 வினாடி விலகும். செய்தி வராத நேரத்தில் பெட்டி அயல் பம்பின் வேகத்தைக் கணித்து ஓடட்டும். மௌனம் எல்லை தாண்டினால் தன் அமுக்கமானியை மட்டும் பார்த்து வேகத்தைத் தாழ்த்தட்டும். தண்ணீர் ஓடவில்லையென்றால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் எந்தப் பம்பையும் பொதுக்குழாயில் இணைக்காதீர்கள்.

தோட்டக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். காலையில் ஓட்டிக் காட்டிவிட்டுப் போகிறவரை விடாதீர்கள். வலையமைப்பு நெரியும் மாலை ஆறு மணிக்கு அவரைக் கிணற்றடியில் நிற்கச் சொல்லுங்கள். பம்பை நிறுத்திவிட்டு அதன் உடலுக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு அடித்தால் மறுபடி ஓடவிடாமல், அன்றைக்கே என்னை அழையுங்கள்.