கையெழுத்துப் போட்டாலும் கைவிட்டுப் போகாத ராயல்டி

வடபழனியில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டர். பாட்டு ஓகே ஆன கையோடு புதுப் பாடலாசிரியர் ஒருவரிடம் நாலு பக்க ஒப்பந்தத்தை நீட்டினார்கள். "அனைத்து உரிமைகளும், ராயல்டி உட்பட, எக்காலத்துக்கும்" என்று அதில் ஒரு வரி. பேசிய பணம் வந்துவிட்டதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ராயல்டி அன்றோடு போயிற்று என்றுதான் என்னிடம் வரும்வரை நினைத்திருந்தார்.

போகவில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. படத்தோடு சேர்ந்து தியேட்டரில் ஓடுவதைத் தவிர, எஃப்.எம்., டி.வி., செயலி என்று பாட்டு வேறு எங்கே பயன்பட்டாலும் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், உரிமையை எழுதி வாங்கியவரோடு சமமாக ராயல்டியில் பங்கு உண்டு. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கு எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. ஆனால் பணம் தானாக வீடு தேடி வராது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிந்து வைக்க வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். இந்த உரிமை ஆயுள் முழுக்கவும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும்.

  

இப்போது எல்லோரும் கேட்பது ஏ.ஐ. பற்றி. அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது: ஒப்பந்தம் போட்ட நாளில் புழக்கத்தில் இல்லாத பயன்பாட்டு முறைக்கு, அதைக் குறிப்பிட்டு எழுதாதவரை, அந்த ஒப்பந்தம் பொருந்தாது. பழைய ஒப்பந்தத்தைக் காட்டி ஒரு பாட்டை ஏ.ஐ. பயிற்சிக்குக் கொடுக்க முடியாது என்று வாதாட இது வலுவான பிடி என்பது என் கருத்து. முறையாகச் செய்ய வழியில்லாமலும் இல்லை. 'லால் சலாம்' படத்துக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தபோது, ஏ.ஆர்.ரஹ்மான் இரு குடும்பங்களிடமும் அனுமதி வாங்கி, ஊதியமும் கொடுத்தார்.

2025 டிசம்பரில் மத்திய அரசுக் குழு ஒன்று, ஏ.ஐ. நிறுவனங்கள் அனுமதி கேட்காமலே பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், ராயல்டி மட்டும் கட்டினால் போதும் என்று யோசனை சொன்னது. காசு வருவது நல்லதுதான். ஆனால் 'என் பாட்டைத் தர மாட்டேன்' என்று சொல்லும் உரிமையையும் எழுதியவரிடமே விட வேண்டும்.

அடுத்த ஒப்பந்தம் வரும்போது "இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பங்களுக்கும்" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அதை அடித்துத் தரச் சொல்லிவிட்டுப் பேனாவை எடுங்கள்.